ஃபுல் வால்யூம் சீவகன்

தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில் என் தையல் கடையும் சீவகனின் மொபைல் கடையும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவர் நாலு வருஷமாக என் உயிரை வாங்குகிறது. நான் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போதுதான் அந்தப் பக்கம் டமடமவென்று அதிரும், கத்தரி விலகிவிடும். பக்கத்துக் கடைக்காரன் எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் சீவகன் நல்லவனாகப் பிறந்து தொலைத்துவிட்டான்.

கீழ்பென்னாத்தூர்க்காரன், ஜைனர் வீட்டுப் பிள்ளை, நாற்பது வயது. கிரிவலம் வந்த வெளியூர்க்காரர் சார்ஜ் இல்லாத போனோடு வந்து நின்றால் சும்மாவே சார்ஜ் போட்டுக் கொடுப்பான். என் மெஷின் மோட்டார் எரிந்தபோது லீவு நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சரிசெய்தான். "வேதாக்கா, வேதாக்கா" என்று அவன் கூப்பிட்டால் எனக்குக் கோபம் பாதி போய்விடும். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் அவன் மனைவி மருதேவி சாயங்காலத்துக்கும் சேர்த்துக் காலையிலேயே டிபன் கட்டிவிடுவாள். மகள் த்ரிசலா போன வருஷம் இங்கே டவுன் பள்ளிக்கு மாறி, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, அப்பாவோடு வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டு, கடை அடைக்கும் வரை பாடம் எழுதுவாள். சாப்பிட ஞாபகப்படுத்த மருதேவி ஐந்தேகாலுக்கு போன் செய்வாள். அவன் சாப்பாடு முன்பெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்கந்தன் என்று ஒரு சேல்ஸ் ஆள், ஏதோ ஹெட்போன் கம்பெனியிலிருந்து வந்தான். கடை முகப்பில் ஒரு பேனரை மாட்டினான். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு தொண்டை தெரியக் கத்துகிறான், கீழே, "ஃபுல் வால்யூம் வை! ஊரை மற!" ஊரை மறந்துவிட்டு எங்கே போய்க் குடியிருப்பதாம்?

"கஸ்டமர்கிட்ட பேசவே பேசாதீங்க சார்," என்று ஸ்கந்தன் பாடம் நடத்தியது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. "முதல்ல உங்க காதுல மாட்டி ஃபுல்லா ஏத்துங்க. உங்க மூஞ்சைப் பார்த்தே அவன் பாதி விழுந்துடுவான். அப்புறம் அப்படியே கழட்டி அவன் தலையில மாட்டுங்க."

நம் ஆள் அதை அட்சரம் பிசகாமல் செய்தான். சாதாரண நாளில் இருபது டெமோ, பௌர்ணமி என்றால் ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றும் முதலில் அவன் காதில். கூட்டம் சேர்க்க அதே பாட்டை வாசல் ஸ்பீக்கரிலும் அதிர விடுவான். சத்தம் அதிகம், காதுக்குக் கெடுதல் என்று போன் எச்சரிக்கை காட்டுமே, அதையும் வரவிடாமல் செய்து கொடுப்பான். அது அவன் கடையின் இலவச சேவை.

"அது சும்மா கடமைக்குப் போட்டிருக்கான்க்கா," என்பான்.

கொஞ்ச நாளில் போன் அடிப்பது அவனுக்குக் கேட்காமல் போனது. மருதேவி என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "அக்கா, அவரு போனை எடுக்க மாட்டேன்றாரு. கொஞ்சம் சொல்லுங்கக்கா." நான் ஸ்கேலால் சுவரில் மூன்று தட்டு தட்டுவேன். அந்தப் பக்கமிருந்து அவன் திருப்பித் தட்டுவான். அப்புறம் அந்தப் பதிலும் நின்றது. நான் எழுந்து போய்க் கத்த வேண்டியதாயிற்று. எனக்கு வேலை மும்முரமாக இருந்த நாட்களில், பொழுது போய்விட, டிபனைத் திறக்காமலே பட்டினியாக வீட்டுக்குக் கொண்டுபோவான். பேச்சும் மாறியது. "டீ சொல்லட்டுமாக்கா?" என்று அவன் கேட்டால் சந்து முனையில் டீக்கடைக்காரரே கிளாஸை எடுத்துவிடுவார்.

இந்த ஆடியில் மருதேவி அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

"கம்மியாத்தான் போயிருக்குக்கா," என்று சிரித்துக்கொண்டே வந்தான். "வியாபாரம்னா இதெல்லாம் இருக்கும்."

"காது என்ன ஸ்டாக்கா? தீர்ந்தா வரவழைச்சுக்கறதுக்கு?" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தான். அது அவனுக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தன் காதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஜாஸ்தி விற்றதற்காக ஸ்கந்தன் ஒரு ரோஸ் கலர் ஹெட்போன் பரிசு கொடுத்திருந்தான். அதை இவன் மகளுக்குக் கொடுத்துவிட்டான். வேண்டாம் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். "டெமோ சத்தத்துல புள்ளயால படிக்க முடியலக்கா. அவ சின்னப் பொண்ணு, அவ காதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றான். தானே சத்தம் போட்டு, அதை மறைக்க மகள் காதில் இன்னொரு சத்தம். இவனை என்னவென்று திட்டுவது?

ஐப்பசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வானம் மூடியிருந்தது, கூட்டமில்லை, வாசல் ஸ்பீக்கர்கூட ஓடவில்லை. ஐந்தேகாலுக்கு மருதேவி கூப்பிட்டாள். "கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கக்கா, காலையிலயே ரெண்டு பேரும் சரியா சாப்பிடல." தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஸ்கேல் நுனி உடைந்ததுதான் மிச்சம். ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

கல்லாவில் அவன் தலையில் ஒரு ஹெட்போன். ஸ்டூலில் த்ரிசலா தலையில் ரோஸ் ஹெட்போன், கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேல் உடையத் தட்டிய சுவர் அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நடுவில் டிபன் மூடியபடி இருந்தது.

அவனுடையதைப் பிடுங்கினேன். "எத்தினி வாட்டி தட்டறது?"

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "அதுக்குத்தான் அவ இருக்காளேக்கா. தட்டினா அவ சொல்லுவா," என்று சொல்லிக்கொண்டே மகளின் ஹெட்போனைக் கழற்றினான். "த்ரிசலா! ஆன்ட்டி தட்டினது கேக்கலையா?"

வழக்கமான அவன் குரல்தான். எதிர்ச்சாரியில் வெற்றிலைக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவன் வாயையே பார்த்தாள். அப்பா பார்ப்பாரே, அதே பார்வை. "என்னப்பா? கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா."

சீவகன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் மெதுவாவா சொன்னேன்?"

ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று கெஞ்சுகிற முகம். சொல்லியிருக்கலாம். "சந்து முனை வரைக்கும் கேட்டுச்சு தம்பி," என்றேன்.

அவன் டிபன் மூடி மேல் கை வைத்தபடி நின்றான். நிற்க நிற்கவே வெளியே வெளிச்சம் போய்விட்டது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பேனரைக் கிழித்தான். டெமோ கிடையாது என்றான். வந்த கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது, ஸ்கந்தனும் போனான். பேனர் பையன் இப்போது அங்கே புது பேனரில் தொண்டை தெரியக் கத்திக்கொண்டிருக்கிறான், என் கடைக்கு நேர் எதிராகவே.

த்ரிசலாவுக்குக் காது கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எது எவ்வளவு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் தினம் ஐந்தேகாலுக்கு நான் சுவரைத் தட்டுகிறேன். அவள்தான் திருப்பித் தட்ட வேண்டும். சீவகனுக்கு அந்தத் தட்டு கேட்காது. மகளின் கை எழுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நேற்று மூன்று தட்டுக்கும் பதில் வரவில்லை. நாலாவதை ஓங்கித் தட்டினேன். வந்தது.