நால்வருக்கும் ஜன்னல் இருக்கை

இருபது வருடங்களில் எங்கள் வீட்டில் ஒரு பயணத்தைக்கூட நான் திட்டமிட்டதில்லை. விமான டிக்கெட், விசா, பிள்ளைகளின் பாஸ்போர்ட் எல்லாம் மனைவியின் பொறுப்பு. பெட்டிகளை எடை பார்ப்பதும் விமான நிலையத்தில் அவற்றைத் தள்ளிக்கொண்டு போவதும் என் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

அவள் என் அத்தை மகள். சென்னையில் நான்கு வருடம் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்தவள். நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். முறை இருந்ததால் பெரியவர்கள் கேட்டார்கள், அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டு, அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. அவளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தபோது அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"பாப்பா காலேஜ் போறதுக்கு முன்னால நாலு பேரும் எங்கயாவது போலாமுங்க மாமா. ஊருக்கு இல்ல. வேற எங்கயாவது. இந்த வாட்டி நீங்க பிளான் பண்ணுங்க. எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை."

எங்கள் விடுமுறை என்றால் ஊர்தான். கல்யாணம், காதுகுத்து, இழவு என்று ஏதாவது ஒன்று எங்களுக்காகக் காத்திருக்கும். வேறு எங்காவது என்றால் எங்கே? நான் ஒரு வாரம் போனில் தேடினேன். பிறகு "ரயில்ல போலாமா?" என்றேன். ஆல்ப்ஸ் மலைக்குள் எட்டு மணி நேரம் ஓடும் ஒரு சிவப்பு ரயிலைக் காணொளிகளில் பார்த்திருந்தேன். கூரை வரைக்கும் கண்ணாடி. என் மகன் எட்டிப் பார்த்து, "எட்டு மணி நேரமா? அதுல வைஃபை இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

எனக்கு ரயில் என்றதும் ஒரு பயணம்தான் நினைவுக்கு வரும்.

கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. அமெரிக்க விசா நேர்காணலுக்காக இருவரும் திருப்பூரிலிருந்து சென்னைக்குக் காலை ரயிலில் போனோம். மூன்று பேர் உட்காரும் இருக்கை. பெட்டியை மேலே வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல், கூச்சத்தில் நான் நேராகப் போய் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன். அவள் நடுவில். மூன்றாவது இருக்கையில் ஒருவர் மடியில் மிக்ஸிப் பெட்டியை வைத்துக்கொண்டு அரக்கோணம் வரை அதை இறக்காமல் வந்தார்.

ஊர் வரும்போதெல்லாம் அவள் என் பக்கம் சாய்ந்து, என் தோளைத் தாண்டி எட்டிப் பார்ப்பாள்.

"இது என்ன ஊருங்க மாமா?"

"ஈரோடு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"இது?"

"சேலம்."

ஜோலார்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் மலைகள் வந்தன. அவள் எட்டியபடியே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பெண்ணுக்கு ஜன்னல் வேண்டும், கேட்கக் கூச்சப்படுகிறாள், நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று. 'நீ இங்க உக்காந்துக்கிறியா?' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். காட்பாடியில் சொல்லலாம் என்று நினைத்தேன். காட்பாடியில் கூட்டம் ஏறியது. அரக்கோணத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். சென்னை வந்துவிட்டது.

சின்ன விஷயம்தான். ஆனால் அது என்னோடு கடல் தாண்டி வந்தது. அதன் பிறகு எங்களுக்கு அப்படியொரு பகல் ரயில் வாய்க்கவில்லை. விமானத்தில் ஜன்னல் பிள்ளைகளுக்குப் போனது. காரில் அவள்தான் ஓட்டுவாள், ஃப்ரீவேயில் ஓட்ட எனக்கு இன்னும் பயம். அங்கேயும் வேடிக்கை பார்க்கும் இடம் எனக்கே கிடைத்தது.

காப்பெலில் இப்போதைய வீட்டை வாங்கும் முன் பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அந்தப் பக்கம் ரயில் பாதை வந்தபோது மகளுக்கு நான்கு வயது. எனக்கு அப்போது வேலை செய்ய அனுமதி கிடையாது. பகலெல்லாம் நானும் அவளும்தான். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, போக இடம் எதுவும் இல்லாமல், ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய்த் திரும்புவோம். பெட்டியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். ஆபீஸ்கள் நிறைந்த லாஸ் கொலினாஸ் பகுதியை ரயில் கடக்கும்போது மகள் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து, "பை அம்மா!" என்று கத்துவாள். அவளுடைய அம்மா வேலை செய்யும் கட்டிடம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டிடத்தைக் காட்டியிருந்தேன். அதற்கே அவள் தினமும் கை ஆட்டினாள். எதிரே வெயிலில் மின்னும் அந்தக் கண்ணாடியைப் பார்த்து நானும் சில நாள் கை ஆட்டியிருக்கிறேன்.

பிறகு மகன் பிறந்தான். ஜன்னலுக்குச் சண்டை வந்தது. போகும்போது அக்கா, வரும்போது தம்பி என்று சட்டம் போட்டேன். இருவருமே அதை மதிக்கவில்லை.

அதனால் ஆல்ப்ஸ் ரயிலுக்கு எனக்கு ஒரே ஒரு குறிக்கோள் இருந்தது. அவளுக்கு ஜன்னல். அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைச் சண்டை போட விடவும் முடியாது. ஆகவே நான்கு பேருக்கும் ஜன்னல்.

மகனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் குறித்துக்கொண்டேன். எந்த ஊரில் ஏறுவது, எங்கே தங்குவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வழியில் வரும் பெரிய வளைவுப் பாலம் தெரியும் என்று. காணொளிகளில் வலது பக்கம் என்றார்கள். பாலத்தில் ரயில் வளையும்போது நம் ரயிலின் தலையை நாமே பார்க்கலாமாம். இர்விங்கில் நான் வேலை செய்யும் மளிகைக் கடைக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு சென்னைக்கார அங்கிள் உண்டு. அவர் எல்லாத் தேசமும் போய் வந்தவர். வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தபடியே எனக்கு ஆலோசனை சொல்வார்.

"புக்கிங் ஓப்பன் ஆன உடனே போட்ருங்க சார். அப்புறம் ஒண்ணும் கிடைக்காது. இன்னொண்ணு, ரிவர்ஸ்ல மட்டும் உக்காந்துடாதீங்க. மலைப்பாதை பாருங்க, குமட்டிக்கிட்டு வரும். நான் பட்டிருக்கேன்."

"சரிங்க அங்கிள்."

"ரைஸ் குக்கர் சின்னது ஒண்ணு எடுத்துக்கோங்க. ஆன்ட்டி அது இல்லாம ஏரோப்ளேனே ஏற மாட்டா."

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே முன்பதிவு திறந்தது. மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, கணினி முன் உட்கார்ந்தேன். இருக்கைப் படத்தில் நான்கு நான்கு பேராக எதிரெதிரே உட்காரும் மேசைகள். வலது பக்கம், ஜன்னலோரம், ரயில் போகும் திசையைப் பார்த்த இருக்கை. அப்படிப் பார்த்தால் ஒரு மேசைக்கு ஒன்றுதான் தேறும். பரவாயில்லை. அடுத்தடுத்த நான்கு மேசைகளில் ஒவ்வொன்றாக நான்கு எடுத்தேன். முதல் இருக்கை அவளுக்கு. டிக்கெட் வந்ததும் அச்செடுத்து நோட்டுக்குள் வைத்தேன். அன்று கடையில் காய்கறிக்கெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னை அறியாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தேன் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார்.

பிள்ளைகள் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள், அவர்களுக்கு விசா தேவையில்லை. எங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், ஹூஸ்டன் போய் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி மகள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரயில் டிக்கெட்டை எடுத்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, இந்த சீட் நம்பர்ஸ் வியர்டா இருக்கே."

போனில் இருக்கைப் படத்தைத் திறந்தாள். முதலில் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா! வி ஆர் நாட் ஈவன் சிட்டிங் டுகெதர். ஆளுக்கு ஒரு டேபிள்!"

"ஜன்னல்" என்றேன். "எல்லாருக்கும் ஜன்னல்."

"எட்டு மணி நேரம் ஒரு ஸ்ட்ரேஞ்சர் என் முன்னாடி உக்காந்து என்னையே பாக்கணுமா?"

மகன் சோபாவிலிருந்து, "எனக்கு ஓகே. பெஸ்ட் ஃபேமிலி ட்ரிப் எவர்" என்றான்.

சத்தம் கேட்டு மனைவி உள்ளிருந்து வந்தாள். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். மகள் காட்டிய படத்தையும் பார்த்தாள்.

"யாருங்க மாமா இப்படிப் போட்டது?"

"நான்தான்."

"ஒருத்தர் முதுகைப் பாத்துட்டு ஒருத்தர். கோயில் க்யூ மாதிரி இருக்குது." சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பேசறதுன்னா கூட போன்தான் போடணும்."

மூன்று மாதமாக நோட்டில் எழுதி எழுதிச் செய்த வேலை. என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எதுக்குங்க மாமா இப்படி?"

பிள்ளைகள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இதையும் காட்பாடி, அரக்கோணம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போக முடியாது.

"உனக்கு ஜன்னல் வேணும்னுதான். அன்னைக்கு விசாவுக்கு மெட்ராஸ் போறப்ப நான் ஜன்னல்ல உக்காந்துட்டேன். நீ வழியெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டு வந்த. எந்திரிச்சுக் குடுக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. தோணினப்ப சொல்ல வரல."

அவள் கையிலிருந்த டிக்கெட்டை என் முன்னால் வைத்தாள்.

"அதையா இத்தன வருஷமா வெச்சிட்டிருந்தீங்க?"

நான் டிக்கெட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் மாமா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நாலு வருஷம் அதே ரயில்லதானே நான் காலேஜுக்குப் போயிட்டு வந்தேன். ஈரோடு எது, சேலம் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு உடனே புரியவில்லை. பாதித் தமிழ்தான் தெரிந்த என் மகளுக்கு முதலில் புரிந்துவிட்டது.

"ஓ மை காட், அம்மா! யூ வேர் ஃப்ளர்ட்டிங் வித் அப்பா!"

"ஈயூ" என்று மகன் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் மேல போங்க" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது. அவர்கள் போகவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "நானும் ஏதாவது பேசுவீங்கன்னு பாத்தேன். ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டைன்னு ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி சொல்லிட்டே வந்தீங்க" என்றாள்.

நான் அந்த ரயிலை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். அதே இருக்கை, அதே மிக்ஸிப் பெட்டிக்காரர், அதே மலைகள். என் தோளில் அவள் தாடை பட்டதும், நான் அவளுக்கு இடம் விடுவதாக நினைத்து இன்னும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டதும் நினைவு வந்தது. இருபது வருடமாக நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியவர்கள் கேட்டபோது அவள் ஏன் சரி என்றாள் என்று இனி கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

"மாத்திடலாமுங்களா?" என்றாள்.

விசாவுக்கு டிக்கெட்டை இணைக்க வேண்டும் என்பதால் அன்றே மாற்ற உட்கார்ந்தோம். அந்தப் பெட்டியில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார ஒரே ஒரு மேசைதான் மிச்சம். அதுவும் இடது பக்கம். பாலம் வளையும்போது ரயிலின் தலை எங்களுக்குத் தெரியாமல் போகலாம். அதில் இரண்டு பேர் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். வெண்டைக்காய் அங்கிள் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கு வாமிட் வந்தா அது உங்க மேலதான்" என்றாள் மகள். ஆனால் பின்னோக்கிய ஜன்னலைத் தம்பிக்கு விடாமல் தனக்கென்று பிடித்துக்கொண்டாள்.

மீதி இரண்டு இருக்கைகள். ஒன்று ஜன்னல், ஒன்று அதை ஒட்டியது. மூன்று மாதப் பழக்கத்தில் ஜன்னல் மேல் அம்புக்குறியை வைத்து, "இது உனக்கு" என்றேன்.

அவள் என் கையை மௌஸோடு சேர்த்து நகர்த்தினாள். "இதுதான் எனக்கு. ஜன்னல்ல நீங்க உக்காருங்க."

டிக்கெட் மாறி வந்தது. பிள்ளைகள் எழுந்து போனார்கள். நான் மறுபடியும் அச்செடுக்க வேண்டிய காகிதங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ரயில் போகும் வழியின் வரைபடம் வந்தது. அவளுடைய மடிக்கணினி பக்கத்திலேயே திறந்துதான் இருந்தது, அதே படத்தை அதிலேயே அவள் பார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் என் பக்கம் சாய்ந்து, தோளுக்கு மேலாக எட்டி, மலைகளின் நடுவே ஒரு புள்ளியில் விரலை வைத்தாள்.

"இது என்ன ஊருங்க மாமா?"

ஊர்ப்பெயர் நீளமாக இருந்தது. எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. "தெரியல. அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். பிறகு, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி அதோடு நிறுத்திவிடக் கூடாதே என்று, "உனக்கு டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்ப எந்திரிக்காதீங்க" என்றாள்.

நான் எழவில்லை.