ஹேமர் இல்லாத பிஸ்டல்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி ஒருவர், தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த உள்ளங்கையளவு பிஸ்டலைக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

இருபது வருடமாக நான் இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டலில், சுடும்போது ஊசியை அடிக்கும் ஹேமர் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். இதில் அது இல்லை. தோட்டா அடுக்கும் மேகசினும் காலி. பதிவேட்டில் ‘ஹேமர் உடைந்தது’ என்று எழுதினேன். துப்பாக்கிகளைச் சோதிக்க வந்திருந்த பெண் காவலரிடம், “இது வேலைக்காகாதும்மா, பாரு” என்று ட்ரிக்கரில் விரலை வைத்தேன்.

அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிஸ்டலை வாங்கி மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்தார். குழலுக்குள் தங்கியிருந்த தோட்டா ஒன்று மேசையில் விழுந்து உருண்டது.

“இது ஸ்ட்ரைக்கர் பிஸ்டலுங்க சார். ஹேமரே கெடையாது. உள்ள இருக்கற ஊசிதான் ஸ்பிரிங்ல இழுபட்டு நிக்கும், ட்ரிக்கர அமுத்துனா தோட்டாவ அடிச்சிரும். இப்ப வர்ற புதுசுங்க மாதிரியேதான். நூறு வருசத்துக்கு முன்னயே செஞ்சிருக்காங்க.”

பயத்தையும் மீறி எனக்குப் பரபரப்பு. மூன்று முறை கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

“நல்லா இருக்குதுங்களா சார்?” என்றார் விவசாயி. குழல் தன் நெஞ்சைப் பார்த்திருந்தது அவருக்குத் தெரியாது.

“நல்லாத்தாங்க இருக்குது” என்று சொல்லி, பதிவேட்டில் எழுதியதை அடித்தேன்.

தவறு பெஞ்சில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் மறுநாள் முதல் வேலையாக அதை நகர்த்திப் போட்டேன்.