நீச்சல் குளத்துக்கு நேராகத் திறக்கும் அறை

ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. அதன் ரிசார்ட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு இப்போதுதான் பாலக்கோடு வந்து சேர்ந்தோம்.

அறையின் பின்கதவைத் திறந்தால் நாலடியில் நீச்சல் குளம். கதவில் ஒரே ஒரு தாழ்ப்பாள், அதுவும் என் மூன்று வயது மகளுக்கு எட்டும் உயரத்தில். வேறு அறை கேட்டேன்.

"எல்லாரும் கேட்டு வாங்கற ரூமுங்க மேடம் இது. புள்ளைங்க எந்திரிச்சதும் நேரா தண்ணிக்கே போயிரலாம்" என்றார் மேனேஜர்.

என் பயமே அதுதான் என்றேன். மற்ற அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டனவாம்.

கட்டிலை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டோம். அதுவும் போதாதென்று கைப்பிடியில் துப்பட்டாவைக் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

"மாட்டக் கட்டற மாதிரி கட்டியிருக்கற" என்று சொல்லிவிட்டுக் கணவர் தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை.

காலையில் மகளுக்கு நீச்சல் உடை போட்டுக் கதவைத் திறந்தால், குளத்தில் தண்ணீரே இல்லை. ஒருவர் உள்ளே இறங்கித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கே தண்ணிய எறக்கிட்டோங்க. வாரம் ஒருக்கா கழுவணுங்களே" என்றார்.

மகள் அழுதாள். வண்டியில் வரும் வழியெல்லாம் கணவருக்கு ஒரே பேச்சு. "காலிக் குளத்துக்கு விடிய விடிய காவல் காத்தவ நீ ஒருத்திதான்."

தண்ணீர் இல்லாத குளத்தில் விழுந்தால் அடி இன்னும் பலமாகப் படும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் செய்தது சரிதானே? அம்மாக்கள் பதில் சொல்லுங்கள். சிரிக்கிற எமோஜி போடும் அப்பாக்களுக்கு பிளாக்தான்.