முக்கால்மணியும் வால் கட்டையும்

எங்கள் சரக்கு விமானக் கம்பெனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முக்கால்மணி என்றுதான் சொல்வோம். போன் அடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் விமானத்துப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது விமானிகளுக்கு விதி. மற்றவர்கள் அடித்துப் பிடித்து வருவார்கள், சில நாள் பிந்துவார்கள். இவர் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை.

எங்களுடையது அட்டவணை இல்லாத தொழில். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரம் உடைந்து வேலை நின்றுபோனால் போன் வரும், கொண்டுபோய்க் கொடுப்போம். வராவிட்டால் காத்திருப்போம். பறக்கிற நேரத்தைவிடக் காத்துக் கிடக்கிற நேரம்தான் அதிகம். நான் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். போகிற இடத்தில் ஆள் இல்லையென்றால் விமானியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நானும் போவேன். அப்படி இவரோடு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் வீடு விமானத் திடலிலிருந்து அரைமணி தூரம். அதற்கு மேல் தள்ளி எங்கேயும் போகமாட்டார். குளிக்கப் போனாலும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குழாய்மேல் மாட்டிவைப்பார். பகலில் தூங்க வேண்டுமென்று படுக்கையறை ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் பூனை மாதிரி நடக்கப் பழகியிருந்தன. ஒருநாள் அவர் மனைவியிடம், "என்ன தங்கச்சி, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டேன்.

"சக்களத்தி தூங்குறா அண்ணே, எழுப்பிடாதீங்க" என்று மேசைமேல் கிடந்த போனைக் காட்டினாள். "அவ ஒரு குரல் கொடுத்தா மனுசன் எழுந்து ஓடுவாரு. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காது கேக்காது."

மகளின் பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் போனால்கூடக் கடைசி வரிசையில், வாசலை ஒட்டித்தான் உட்காருவார். ஜெயித்தாளா என்று மறுநாள் கேட்டேன். "தெரியல அண்ணே. அவ ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஓடிட்டேன்" என்றார்.

இனிப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்துச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு தகரப் பில்லை, பில்லைக்கு ஒரு விமானி. மேலே இருக்கிறவருக்கு முதல் போன். போய்த் திரும்பினால் பில்லை கீழே இறங்கும், மறுபடி மெல்ல ஏறும். வரமாட்டேன் என்று சொன்னால் பில்லை பலகையிலேயே இருக்காது. கதவுக்குப் பின்னால் தனியாக ஓர் ஆணி உண்டு, அங்கே போய்விடும். மூன்று மாதத்தில் இரண்டு தடவை அங்கே தொங்கினால் ஒப்பந்தம் முடிந்தது. போன் போட்டுக் கூப்பிடுவதும் பில்லையை மாட்டுவதும் பலகைக்காரரின் வேலை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலே இருக்கிறவர்கள் அவரைப் பிழிந்தால் அவர் எங்களைப் பிழிவார்.

ஒரு மாதத் தொடக்கத்தில் முக்கால்மணிக்குக் கடும் காய்ச்சல். வர முடியவில்லை. பில்லை ஒரு தடவை கதவுக்குப் பின்னால் தொங்கியது. இன்னொரு தடவை தொங்கினால் வேலை போய்விடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே மாதம் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கார் தொழிற்சாலைக்குப் பதினோரு பெட்டி இரும்புச் சாமான். அதில் ஐந்து பெட்டி ஒவ்வொன்றும் அறுபது கிலோ. போகிற இடத்தில் காவல்காரரைத் தவிர யாருமில்லை, ஆகவே நானும் போக வேண்டும். முக்கால்மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். குனிந்து பார்த்தார். சரிசெய்யவில்லை.

"தூங்குனீங்களா கேப்டன்?"

"எங்கே? நேத்து சாயந்தரம்தான் ஒரு ட்ரிப் முடிச்சு வந்தேன். கண்ணு அசந்த நேரத்துல, ராத்திரி மூணு மணிக்குப் பலகைக்காரர் அடிச்சாரு. 'வரலாம், ரெடியா இருங்க'ன்னாரு. உடுப்பு மாட்டி உக்காந்தேன். அஞ்சு மணிக்கு 'லேட்டாகும்'. எட்டு மணிக்கு 'இப்ப இல்ல, ஆனா எங்கேயும் போயிடாதீங்க'. ஒன்றரைக்கு 'வாங்க'."

"வேலை நேரச் சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"ஒன்றரையிலேருந்து வேலை, அதுவரைக்கும் ஓய்வு. காகிதம் பதினெட்டு மணிநேரம் நல்லாத் தூங்கிடுச்சு அண்ணே. நான்தான் பாக்கி."

சிரித்தோம். பிறகு அவர் பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "கனமானது அஞ்சையும் பின்னாடி வைங்க" என்றார்.

எங்களிடம் இரண்டு விமானம். ஒன்று நீளமானது, ஒன்று குட்டி. நீளமானதற்குக் கனத்தைப் பின்பாதியில் வைக்க வேண்டும். குட்டிக்கு நேர்மாறு, விமானியின் முதுகை ஒட்டி வைக்க வேண்டும். பின்னால் கனத்தை வைத்தால் மேலே ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ளும், பிடித்து இறக்க முடியாது, அப்படியே விழும். அன்று நின்றது குட்டி.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் ஐந்தாவதோடு பள்ளியைவிட்டு நின்றவன். அவர் பதினோரு வருஷம் ஒரு கணக்கும் தப்பாதவர். வேறு ஏதாவது யோசனை வைத்திருப்பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பின்னால் தள்ளினேன்.

ஏற்றும்போது விமானம் பின்பக்கம் சாயாமல் இருக்க வாலுக்கு அடியில் ஓர் இரும்புக் கட்டை நிறுத்துவோம். ஏற்றி முடித்ததும் காலால் ஒரு தட்டுத் தட்டினால் சுலபமாக வந்துவிடும். அன்று தட்டினேன், வரவில்லை. உதைத்தேன், அசையவில்லை. வாலின் கனம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தேன். மூக்குச் சக்கரத்தின் கால் ஒரு சாண் நீண்டு, சக்கரம் தரையை ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது.

அவர் ஏற்கெனவே இருக்கையில் ஏறிவிட்டார். இயந்திரத்தைக் கிளப்பக் கை போய்விட்டது.

"தம்பி" என்றேன். வேலை நேரத்தில் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "கொஞ்சம் இறங்கி வாங்க. கட்டை வரமாட்டேங்குது."

"கிளப்பினா அதிர்வுல தானா வரும்."

"வராது. இறங்குங்க."

இறங்கி வந்தார். கட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு அதைப் பிடித்தபடியே குனிந்து நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டித் தரையில் விழுந்தது. நிமிர்ந்து இறக்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"அண்ணே, இது எந்த விமானம்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"குட்டி" என்றேன்.

தார்த்தரையில் அப்படியே உட்கார்ந்தார். நான், "பத்து நிமிஷம் கொடுங்க, மாத்தி வச்சிடுறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவர் வேலையை நினைத்துச் சொன்னேன். என் உயிரும் அந்தப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

"பெட்டியை நீங்க மாத்திடுவீங்க. மேலே போய் நான் எதை மறந்தாலும் யாரு மாத்துறது?"

எழுந்து அலுவலகத்துக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். பலகைக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"என்ன விளையாட்டு இது? ரெண்டாவது தடவைன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். காரணத்தை மட்டும் எழுதிக்குங்க. மூணு மணியிலேருந்து முழிச்சிருக்கேன்."

"வீட்டுல இருந்தா அது ஓய்வுய்யா."

"உங்க போனாலதான் முழிச்சிருந்தேன்."

"மறுத்தார்னுதான் எழுதுவேன். அதுக்குத்தான் இந்தச் சீட்டுல கட்டம் இருக்கு." எழுதியும்விட்டார். அதே கையோடு அடுத்த பில்லைக்காரருக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார், நாங்களும் கேட்கட்டும் என்று.

"சார், வந்துடுவேன்" என்றது அந்தக் குரல். "ஆனா ஒண்ணு. ரெண்டாவது ஆளா ரெடியா இருங்கன்னு மூணு மணிக்கு எனக்கும் அடிச்சீங்களே. அப்போ முழிச்சவன்தான். கண்ணு எரியுது. பரவாயில்லையா?"

பலகைக்காரர் நிமிர்ந்து மூன்றாவது பில்லையைப் பார்த்தார். மூன்றாவது ஆளையும் அதே மூன்று மணிக்குத்தான் எழுப்பியிருக்கிறார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. ஒன்று போனால் ஒன்று என்று எல்லோரையும் எழுப்பிவைத்து, எல்லோர் தூக்கத்தையும் கெடுத்துவைத்திருந்தார்.

"வரவேணாம், தூங்கு" என்று போனை வைத்தார். "கட்டை நிஜமாவே மாட்டிக்கிச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் அங்கேதான் இருக்கு. வந்து இழுத்துப் பாருங்க சார்."

வந்தார், இழுத்தார். கட்டை அசையவில்லை, திரும்பிப் போனார். நான் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வரி எழுத அரைமணி ஆனது. சரக்கு மறுநாள் காலையில் போனது. தொழிற்சாலை ஒருநாள் நின்றது.

அடுத்த வாரம் சீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது: முதல் போன் அடித்த நேரம். இப்போது வேலை நேரம் அதிலிருந்து எண்ணப்படுகிறது. சேர்த்தது பலகைக்காரர்தான், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் முக்கால்மணியின் ஒப்பந்தத்தை மேலே இருந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. இரண்டு தடவை என்றால் இரண்டு தடவைதானாம். கடைசி நாளில் கம்பெனி போனை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டடி நடந்து திரும்பி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வேறு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் பதில் வரவில்லை என்றும் அவர் மனைவி சொன்னாள். ஜன்னலில் கறுப்புக் காகிதம் இல்லை. மகள் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தாள். அந்தச் சத்தத்திலும் அவர் கட்டிலில் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சக்களத்தி போனதிலேருந்து இப்படித்தான் அண்ணே" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, குறட்டையும் நிற்கவில்லை. வலது கை மட்டும் எழுந்து தலையணை ஓரத்தைத் தடவித் தேடியது. நான் போனை அணைத்தேன். கை இன்னும் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அப்படியே கட்டிலுக்கு வெளியே தொங்கியது.