நாற்பத்தெட்டு நாள் கஷாயம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு சின்னம்மாவின் மார்பில் இருந்தது புற்றுக்கட்டி என்று உறுதியானது. உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அப்போது நான் அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன்.

காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் சின்னம்மா கொல்லையில் நின்ற நித்தியகல்யாணியைக் கிள்ள ஆரம்பித்தார். பக்கத்து ஊரான தெங்கேராவில் யாரோ சொன்னார்களாம்: அந்த இலைக் கஷாயத்தை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், குடித்தால் கட்டி கரைந்துவிடும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அப்ப ஆபரேஷன்?"

"மண்டலம் முடியட்டும். ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போவுது?"

மூன்று நாள் சண்டை போட்டுத் தோற்றபின் ஓர் ஒப்பந்தம் செய்தேன். தினமும் காலையில் கட்டியை நூலால் அளப்பேன். பெரிதானால் அன்றே ஆஸ்பத்திரி. ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, இலை எத்தனை, நீளம், அகலம், வலி.

"கை ஐஸ் மாதிரி இருக்குலா. இதுக்குத்தான் படிச்சியா?" என்பார்.

கட்டி பெரிதாகவில்லை. ஒரு வாரம் சற்றுச் சிறுத்ததுபோலக்கூட இருந்தது. நூலை நான் இறுக்கிப் பிடித்திருக்கலாம். சின்னம்மாவோ வருகிறவர்களிடமெல்லாம் நோட்டை நீட்டினார். "என் பேச்ச நம்ப வேணாம். படிச்ச பொண்ணு எழுதினதப் பாருங்க."

அதே செடியிலிருந்து பிற்பாடு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்தார்கள். அதற்காக, கொதிக்கவைத்த இலை மார்புக் கட்டியை நிறுத்தும் என்று ஆகாது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது?

முப்பத்தோராம் நாள் கொடியில் துணி போட அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அக்குளைத் தொட்டுப் பார்த்தேன். பட்டாணி போல இரண்டு, கல்லாக. நோய் அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான கண்ணாடிச் சில்லுகளைத் தயாரிப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. என் நோட்டிலோ அக்குளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

"சேலை மாத்துங்க சின்னம்மா, போவோம்."

"இன்னும் பதினேழு நாள்தானே. வலியத் தாஹான் பண்ணிப் பொறுத்துக்கிறேன். உன் நோட்டுலயே பெருசாகலையே."

"நான் தப்பான எடத்த அளந்துட்டேன்."

சின்னம்மா அடுப்பிலிருந்த கஷாயத்தை நின்றபடியே குடித்து முடித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர், "ஒரு மாதம் முன்பே வந்திருந்தால்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்," என்றேன்.