நட்சத்திரம் போட்ட நானூறு பேர்

விபரங்களைச் சேமிக்கும் டீபேஸ் என்ற பழைய கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு பெயரை டிலீட் செய்தால் அது உடனே போய்விடாது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். அச்சடிக்கும் பட்டியலில் வராது, ஆனால் டிஸ்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ‘ரீகோல்’ கொடுத்தால் திரும்பி வரும். ‘பாக்’ கொடுத்தால் இடம் கிடைக்கும், பெயர் ஒரேயடியாகப் போய்விடும். இதெல்லாம் எனக்குக் கரைத்துக் குடித்த பாடம். அந்தத் தலைக்கனத்தில்தான் பிழை விட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் இரத்தம் கொடுப்பவர்களின் விபரம் வைத்திருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர். ஆயிரத்துச் சொச்சம் பேரும் ஒரே புளொப்பி டிஸ்கில். அவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் பழைய கட்டடத்தோடு எரிந்துவிட்டன. பிரதி எடுக்க வேறு புளொப்பி கொழும்பிலிருந்து வரவேண்டும், சண்டையால் பாதையோ பூட்டு.

முதல் நாளே திரையில் ‘டிஸ்க் ஃபுல்’ என்று வந்தது. பார்த்தால் நானூறுக்கு மேல் நட்சத்திரங்கள். இவ்வளவு குப்பையா என்று பாக் கொடுத்தேன். இடையில் கரண்ட் போய்விடுமோ என்று மட்டும் பயந்தேன். போகவில்லை.

பிறகு பதிவுகளைப் பார்த்துவந்த ஜெயந்தி அக்கா வந்தார்.

“தம்பி, நட்சத்திரம் போட்ட ஆக்கள் எங்கை?”

“அழிச்ச ஆக்கள்தானே அக்கா. பாக் பண்ணிட்டன். இப்ப இடம் தாராளமாக் கிடக்கு.”

அவருடைய முகம் வெளிறியது.

“ஐயோ, அவையள் ரத்தம் குடுத்து நாலு மாதம் ஆகாத ஆக்களடா! இப்ப கூப்பிடக்கூடாது எண்டுதான் டிலீட் போட்டனான். நாள் வந்தா ரீகோல் பண்ணுவன்.”

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். பட்டியலில் மிஞ்சியிருந்த ஒரே ஓ நெகட்டிவ் வல்வெட்டித்துறைக்காரர். அன்று அந்தப் பக்கம் ஊரடங்கு.

“கொழும்புத்துறையிலை சவிரி எண்டு ஒருத்தர், அவரும் ஓ நெகட்டிவ், கடற்தொழில்,” என்றார் அக்கா. “அவருக்கு இந்தக் கிழமை நாலு மாதம் முடியுது. விலாசம் புளொப்பியிலைதான் இருந்தது.”

யாழ்ப்பாண நகரை ஒட்டிய அந்தக் கரையோர ஊருக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அங்கே மூன்று சவிரிகள். முதல் ஆள் இரத்தம் கொடுத்தவர் இல்லை. இரண்டாவது ஆள் கடலுக்குப் போயிருந்தார். அவர்தான் நமது ஆளென்றால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். மூன்றாவது வீட்டில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“ஓம், நான்தான் ரத்தம் குடுத்தனான். நில்லும், சேட்டு ஒண்டைப் போட்டுக்கொண்டு வாறன்.”

அந்தப் பெண் பிழைத்தாள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒன்றை அழிப்பதற்கு முன் அதை அப்படி வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு அக்காவின் ஞாபகத்தை வைத்து நானூறு பேரையும் ஊர் ஊராகத் தேடினோம். முக்கால்வாசிப் பேரைப் பிடித்துவிட்டோம். கிடைக்காமல் போனவர்களின் இரத்தத்துக்காக யாராவது ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.