லேபிளில் சிரித்தவர்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. அலமாரியில் இருந்த இறால் ஊறுகாய் பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் தடுக்கவில்லை.

"எப்ப வந்தாலும் அவுங்களுக்கு இதான் வேலை" என்றார் என்னிடம்.

நான் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் சிரித்துக்கொண்டிருந்தது அந்த அம்மாள்தான். தழும்பை மட்டும் அழித்திருந்தார்கள்.

"அக்கா, இது நீங்கதானே?"

"மூஞ்சி என்னுதுதான் தம்பி. கம்பெனிய விக்கும்போது பேரும் படமும் சேத்து எழுதிக் குடுத்துட்டேன். மெஷினுக்கும் கட்டடத்துக்கும்தான் வெல பேசுறாங்கன்னு நெனச்சேன். அவுங்க வாங்க வந்ததே என் பேரைத்தான்."

இப்போது கடலூரில் மறுபடியும் ஊறுகாய் போடுகிறாராம். சொந்தப் பெயரை ஒட்டியதும் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. பெயர் இல்லாத பாட்டிலை யாரும் தொடுவதில்லை.

"அதக்கூட பொறுத்துக்கலாம். இப்ப இதுல எண்ணெதான் ஜாஸ்தி, இறால தேடணும். திங்கிறவங்க என்னத்தான திட்டுறாங்க?"

கடலூர் பஸ் வந்ததும் அவர் ஏறிப் போய்விட்டார்.

லேபிளில் இருந்த பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் பெயரை விட்டுவிட்டேன்.